களைமீன்

வகுப்பில் குறுந்தொகையின் 25ஆம் பாட்டு நடந்துகொண்டிருந்தது. தலைவன் தலைவியைக் கூடிய நாளில் அங்கிருந்த ஒரே சாட்சி, ஓடும் நீரில் ஆரல்மீனை எதிர்பார்த்து நின்ற குருகு. “ஆரல் எப்படியிருக்கும்?” என்று கேட்டேன். ‘ஒருவகை மீன்’ என்ற உரைக்குறிப்பையே பலரும் திருப்பிச் சொன்னார்கள். நெமிலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும் எழுந்து, “பாம்பு மாதிரி இருக்கும் சார். சாம்பல் போட்டுத் தேய்ச்சாதான் வழவழப்பு போவும். எங்க ஆயா மாங்கா போட்டுக் கொழம்பு வைக்கும்” என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

நெமிலி ஏரிகளின் நாடு. முன்பு வட ஆர்க்காட்டிலும் பிறகு வேலூர் மாவட்டத்திலும் இருந்து, 2019 முதல் இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. அருகிலுள்ள மகேந்திரவாடியில் ஒற்றைப் பாறையில் குடைந்த கோயிலின் கல்வெட்டு, ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மனின் பெயரால் அமைந்த ஏரியைக் குறிப்பிடுகிறது. மறுபுறம் காவேரிப்பாக்கத்தின் பேரேரி. 1858இல் கட்டி முடிக்கப்பட்ட பாலாற்று அணைக்கட்டின் கால்வாய்கள் இவ்வேரிகளுக்கு நீர் கொணர்கின்றன. ஏரி என்றால் நமக்கு நெல் நினைவுக்கு வரும், மீன் வருவதில்லை. கல்வெட்டுகள் மறக்கவில்லை. ‘பாசிப்பாட்டம்’, ‘மீன்பாட்டம்’ என்று மீன்பிடி உரிமைக்கான வருவாய் அவற்றில் பதிவாகியிருக்கிறது. அவ்வருவாயை ஏரியின் தூர் வாரவே ஒதுக்கிய ஊர்களும் உண்டு. மீன் ஏரியைக் காத்தது; ஏரி மீனை வளர்த்தது.

அந்த மீன்கள் எவை? விரால், குறவை, கெளுத்தி, தேளி, ஆரல், அயிரை, பனையேறிக் கெண்டை, பொடிக்கெண்டை. இவற்றுள் விரால், குறவை, தேளி, பனையேறி ஆகியவை நீருக்கு வெளியிலுள்ள காற்றையும் நேரே சுவாசிக்க வல்லவை. கோடையில் ஏரி சேறாகச் சுருங்கும்போதும் இவை பிழைத்திருக்கும். ஆண்டுதோறும் நிரம்பி வற்றும் ஏரிக்கு ஏற்ற உயிர்கள்.

இவற்றின் பெயர்கள் கடல் கடந்தும் போயின. தரங்கம்பாடியிலிருந்த டேனிய மிஷனரி கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், தமிழகத்து மீன்களைப் பாடம் செய்து பெர்லினிலிருந்த அறிஞர் பிளாக்கிற்கு அனுப்பிவந்தார். விராலையும் குறவையையும் 1793இல் பிளாக் அறிவியல் உலகுக்கு விவரித்தார். 1801இல் பிரெஞ்சு அறிஞர் லாசெபேத் தம் நூலில் அவற்றுக்கு இட்ட பெயர்கள் ‘வ்ரால்’, ‘கர்ருவெய்’. முன்னது விரால் என்பது வெளிப்படை. பின்னது குறவையின் திரிபாகவே எனக்குத் தோன்றுகிறது. 1791இல் தரங்கம்பாடியில் பனைமரத்தின் மீது ஒரு மீனைக் கண்டதாக டால்டார்ஃப் எழுதிய குறிப்பு, 1797இல் இலண்டன் லின்னேயன் கழக ஏட்டில் வெளிவந்தது. பறவைகள் கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம் என்று பின்வந்தோர் ஐயுற்றனர். ஆயினும் அம்மீனின் பேரினப் பெயரான ‘அனபாஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் ஏறுவது என்றே பொருள். நம் மீனவர் இட்ட பெயரின் நிழல் அதில் இருக்கிறது.

பிறகு வந்தது வேறொரு சொல். 1957 சூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் ஊசிமருந்தால் கெண்டையினத்தை முட்டையிடச் செய்தனர். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் எங்கும் கிடைக்க அது வழி திறந்தது. அதற்கு முன்பே, 1952இல், ஆப்பிரிக்காவின் திலாப்பியா இந்தியாவுக்குள் வந்து ‘ஜிலேபி’ என்ற பெயரோடு நம் ஏரிகளில் குடியேறிவிட்டது. வளர்ப்பு மீன் பெருகியதால் பலர் பசியாறினர். அதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் வளர்ப்புக் குளத்தில் குஞ்சு விடுமுன் இலுப்பைப் பிண்ணாக்கு இட்டு, ஏற்கெனவே இருப்பவற்றைக் கொல்வது முறையாயிற்று. அப்படிக் கொல்லப்படுபவற்றுள் சிறுமீன்களுக்குக் கையேடுகள் தந்த பெயர் ‘களைமீன்’.

களை என்பது உழவனின் சொல். பயிர் எது என்று முடிவு செய்தபின்பே களை எது என்பது தெரியும். இங்கே முடிவு செய்தது சந்தை. எடைக்கு விற்க இயலாதது களையாயிற்று.

அடுப்படி அப்படி முடிவு செய்யவில்லை. கெளுத்தியின் முள்ளை முதலில் ஒடிப்பது, அயிரையை நீரில் விட்டுச் சேற்றைக் கக்கச் செய்வது, சொரசொரப்பான மண்சட்டியில் கல்லுப்பிட்டு உரசுவது, சேற்று வாடை போகப் புளியைக் கூட்டிக் கரைப்பது, குழம்பை ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் கேழ்வரகுக் களியோடு உண்பது, மிஞ்சிய பொடிமீனை உலர்த்திக் கருவாடாக்குவது என எத்தனை நுட்பங்கள்! பொடிமீனை முள்ளோடும் தலையோடும் உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ஏ சத்தும் வீணாவதில்லை. வங்கதேசத்தில் இத்தகைய சிறுமீன்களின் சத்தை ஆராய்ந்து, அவற்றை வளர்ப்பு மீன்களோடு சேர்த்தே வளர்க்கலாம் என்று காட்டிய சகுந்தலா தில்ஸ்டெட்டுக்கு 2021இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நம் ஆயாக்களுக்குப் பரிசு வேண்டாம், சிரிக்காமலிருந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாலாற்றங்கரைத் தோல் தொழிலின் கழிவுநீர் குறித்து உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை அத்தீர்ப்பு வலியுறுத்தியது. உயிர்வளி குறைந்த நீரிலும் குறவை பிழைக்கும். ஆனால் அது பிழைத்திருப்பதாலேயே உண்ணத்தக்கதாகிவிடாது. நீர் கெட்டால் சமையல் நுட்பம் எதுவும் அதைச் சரிசெய்யாது.

மறுநாள் வகுப்பில் உரைக்குறிப்பை அடித்துவிட்டு, ஆரல் என்பதற்கு அம்மாணவி சொன்ன பொருளையே எழுதிக்கொள்ளச் சொன்னேன். சாம்பலையும் மாங்காயையும் விடாமல் எழுதினார்கள். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.