துடைத்து நீக்கப்பட்ட படலம்: இரத்தக்குழாய் ஆய்வு வரலாற்றில் ஒரு பாடம்

அட்ரினலின் சில இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, சிலவற்றை விரிக்கிறது. ஒரே பொருள் எதிரெதிரான விளைவுகளைத் தருவது எவ்வாறு? அமெரிக்காவின் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ரேமண்ட் ஆல்குவிஸ்ட், 1948இல் இதற்கு விடை கூறினார்: வேறுபாடு பொருளில் இல்லை, அதை ஏற்கும் ஏற்பிகளில் உள்ளது. அவற்றை ஆல்ஃபா, பீட்டா என இரண்டாகப் பிரித்தார். அக்கட்டுரையை முதலில் ஓர் ஆய்விதழ் ஏற்க மறுத்தது. பின்னர் அக்கருத்தையே அடித்தளமாகக் கொண்டு ஜேம்ஸ் பிளாக் புரோப்ரனலால் மருந்தை உருவாக்கினார்.

மற்றொரு புதிர் எஞ்சியிருந்தது. உயிருள்ள விலங்கில் அசிட்டைல்கோலின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். ஆனால் 1953இல் இராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனிக் கீற்றுகளில் அதைச் செலுத்தியபோது அவை சுருங்கின. இம்முரண்பாடு கால் நூற்றாண்டுக்காலம் விளக்கப்படாமலே இருந்தது.

1978இல், நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த அவரது ஆய்வகத்தில், நாரட்ரினலினால் தமனியைச் சுருக்கி, அதைக் கழுவி நீக்கிய பின்னரே அசிட்டைல்கோலினை ஒத்த கார்பகோலைச் சேர்க்க வேண்டும் என்பது வகுக்கப்பட்ட முறை. உதவியாளர் கழுவ மறந்தார், தமனி தளர்ந்தது. ஃபர்ச்காட் அதைப் பிழையென ஒதுக்காமல் காரணத்தைத் தேடினார். முன்பெல்லாம் கீற்றுகளை வெட்டித் தயாரிக்கும்போது, குழாயின் உட்புறத்திலுள்ள எண்டோதீலியம் என்னும் ஒற்றை உயிரணு அடுக்கு தேய்ந்து நீங்கியிருந்தது. தளர்ச்சிக்கு அப்படலமே இன்றியமையாதது என அவரும் சவாட்ஸ்கியும் 1980இல் ‘நேச்சர்’ இதழில் நிறுவினர்.

படலம் வெளியிடும் காரணி நைட்ரிக் ஆக்சைடே என்னும் கருத்து 1986இல் எழுந்தது. 1987இல் சால்வடோர் மொன்காடாவின் குழு இங்கிலாந்தில் அதற்கு வலுவான சான்றளித்தது. இவ்வாயு தசையணுக்களில் சைக்ளிக் ஜிஎம்பி அளவை உயர்த்திக் குழாயைத் தளர்த்துகிறது. படலத்திலுள்ள ஆல்ஃபா-2 ஏற்பிகள் வழியாக நாரட்ரினலினும் நைட்ரிக் ஆக்சைடை வெளிப்படுத்துகிறது. எனவே படலம் நீங்கிய குழாய் அதற்கு மிகையாகச் சுருங்கும். 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகியோர் நோபல் பரிசு பெற்றனர். மொன்காடா அதில் இடம்பெறாதது இன்றும் விவாதிக்கப்படுகிறது.

ஆய்வு மாணவர்கள் கருத வேண்டியது இதுவே: 1953இன் அளவீடு தவறன்று; அளக்கப்பட்ட திசுவே முழுமையற்றது. முடிவுகளைச் சரிபார்க்கும் அதே கவனத்தோடு, திசுவைத் தயாரிக்கும் முறையையும் ஆய்வேட்டில் எழுதிவையுங்கள். முரணான முடிவு வந்தால் அதையும் அழித்துவிடாதீர்கள்.