புல்லட் முதல் ஹிமாலயன் வரை - ஒரு டூல் பாக்ஸின் வரலாறு

மலை, மணல், மண் ரோடு என்று எங்கும் ஓடுகிற பைக்கை இன்று அட்வென்ச்சர் பைக் என்கிறார்கள். பெயர் புதுசு, வேலை பழசு. அந்த வேலையை 60 வருடங்களுக்கு முன்பே செய்த வண்டி ஒன்று நம் சென்னையில் தயாரானது. ஆமாம் நண்பர்களே, புல்லட்தான்!

1950-களில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு புல்லட் 350-ஐத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களும் இங்கேயே தயாராயின. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றது. திருவொற்றியூரில் நிற்கவில்லை.

பழைய புல்லட் ரிப்பேரே ஆகாத வண்டியா? இல்லை. ரிப்பேர் ஆனால் ரோட்டோரத்திலேயே சரி செய்யலாம், அதுதான் விஷயம். ஸ்டார்ட் ஆகவில்லையா? பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்ப்பார்கள். பாயிண்ட் கருகியிருந்தால் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. டேப்பெட் சரி செய்ய எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். புஷ்ராடு விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இதற்கு இரண்டு ஸ்பேனரும் பொறுமையும் போதும்.

2008-க்குப் பிறகு வந்த யூ.சி.இ. எஞ்சினில் டேப்பெட் வேலையே இல்லாமல் போனது. பாயிண்டும் போய் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. 2016-ல் 411 சிசி ஹிமாலயன் வந்தது. 2017-ல் அதில் கார்புரேட்டரின் இடத்தை ஃபியூயல் இன்ஜெக்ஷன் பிடித்தது. 2023-ல் வந்த 450-ல் எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரும் சேர்ந்தது. வண்டி வழியில் நிற்பது குறைந்தது. ஆனால் நின்றால் நம் கையில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. கில் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு, ஃபியூஸ், பேட்டரி முனை - இந்த நான்கையும் பார்த்துவிட்டுத்தான் மெக்கானிக்குக்கு போன் செய்ய வேண்டும். கிளம்பும் முன் ஆயில் அளவு, டயர் காற்று, பிரேக், செயின் தொய்வு. 411-ல் டியூப் டயர்தான், எனவே பஞ்சர் சாமான் கட்டாயம்.

எங்கள் கடலாடிப் பக்கத்துக்கு இன்னொன்றும் உண்டு, உப்புக் காற்று. 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு வந்ததிலிருந்து தனுஷ்கோடிக்கு பைக்கில் வருகிறவர்கள் அதிகம். போய் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து ஆயில் விடுங்கள். பேட்டரி முனையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். உப்பு ஊரிலிருந்து வந்த வண்டி, உள்ளூர் வண்டி என்று பார்ப்பதில்லை.

வணிகவியல் மாணவன் என்பதால் ஒரு கணக்கு. செயினுக்கு விடும் ஆயில் வருவாயினச் செலவு. அதை மிச்சம் பிடித்தால், செயினும் பல்சக்கரமும் தேய்ந்து செட்டாக மாற்ற வேண்டிவரும். சின்னச் செலவைத் தள்ளிப்போட்டால் பெரிய பில்தான் வரும்.

பாயிண்டும் கார்புரேட்டரும் போகட்டும், தப்பில்லை. வண்டி நின்றால் எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற அந்தக் கால வரிசை மட்டும் போய்விடக் கூடாது. புல்லட் ஓட்டிய பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்!