பூநகரியில் தரம் ஒன்று: ஊர்ப் பள்ளிக்கூடமா, தூரத்துப் பள்ளிக்கூடமா?

பூநகரியில் பிள்ளையைத் தரம் ஒன்றில் சேர்க்கக் காத்திருக்கும் தாய் தகப்பன்மாரில் பலர் 2008, 2009ஆம் ஆண்டுகளில் தாங்களே பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தவர்கள். 2008 நவம்பர் 15ஆம் திகதி பூநகரியை இராணுவம் கைப்பற்றியது. அதற்கு முன்னரே அவர்களின் குடும்பங்கள் கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கு நோக்கி நகரத் தொடங்கிவிட்டன. பலர் முள்ளிவாய்க்கால் வரை போய், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 2009ஆம் ஆண்டுத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை முகாமுக்குள்ளேயே எழுதியவர்களும் இவர்களில் உண்டு. எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பது என்று தெரிவு செய்யும் வாய்ப்பு இவர்களுக்கு இருக்கவில்லை. எந்த மரத்தின் கீழ் வகுப்பு நடந்ததோ அங்கே படித்தார்கள். நடக்காத மாதங்களில் படிக்கவில்லை.

தங்களுக்கு விடுபட்டது பிள்ளைக்கு விடுபடக் கூடாது என்ற எண்ணம் இந்தப் பெற்றோருக்கு மற்றவர்களைவிட அதிகமாக இருப்பதில் வியப்பில்லை. அந்த எண்ணமே, ‘தூரத்துப் பள்ளிக்கூடம்தான் நல்ல பள்ளிக்கூடம்’ என்ற முடிவுக்கும் பலரைக் கொண்டுபோய் விடுகிறது. அந்த முடிவை எடுக்கும் முன் ஊரிலுள்ள ஆரம்பப் பாடசாலையை ஒருமுறை சரியாகப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குத் தேவையான தகவல்களை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

பெயர்ப்பலகையில் என்ன இருக்கிறது

பூநகரிப் பிரதேச செயலகப் பிரிவு கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரை முழுவதும் நீண்டு கிடக்கிறது. வடக்கே சங்குப்பிட்டி, கௌதாரிமுனை. தெற்கே முழங்காவில், நாச்சிக்குடா, இரணைமாதாநகர். நடுவே வயலும் உவர்வெளியும் பனங்கூடலும். மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பெயர்போன மண் இது. ஊர்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பதால் ஊருக்கொரு சிறிய பள்ளிக்கூடம் என்ற அமைப்பே இங்கு வளர்ந்தது.

பாடசாலைப் பெயருக்கு முன்னால் வரும் ‘கிளி/’ என்பது மாவட்டத்தைக் குறிக்கிறது. ‘அ.த.க.’ என்றால் அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை. ‘றோ.க.த.க.’ என்றால் றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை. சமய அமைப்புகள் தொடங்கிய உதவிபெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் மூலம் அரசு பொறுப்பேற்றது. பழைய பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆகவே பெயர் எதுவாக இருந்தாலும் இவை அரச பாடசாலைகளே. எந்தச் சமயத்துப் பிள்ளையும் சேரலாம், படிப்பு இலவசம்.

வகையையும் கவனியுங்கள். தரம் 5 வரையோ 8 வரையோ உள்ளவை வகை 3 பாடசாலைகள். தரம் 11 வரை உள்ளவை வகை 2. உயர்தரம் உள்ளவை 1 ஏபி, 1 சி வகைகள். இவற்றுள் 1 ஏபியில் மட்டுமே விஞ்ஞானப் பிரிவு இருக்கும். வகை 3 என்பது தரக்குறைவுக்கான முத்திரை அல்ல. எத்தனை வகுப்பு வரை உண்டு என்பதையே அது சொல்கிறது. ஐந்தாம் தரத்துக்குப் பிறகு பிள்ளை எங்கே போகும் என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டால் போதும்.

வயதும் பத்திரங்களும்

தரம் ஒன்றில் சேரும் ஆண்டின் ஜனவரி 31ஆம் திகதி பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். 2027இல் சேர வேண்டுமானால் பிள்ளை 2022 ஜனவரி 31 அன்றோ அதற்கு முன்போ பிறந்திருக்க வேண்டும். விண்ணப்பம் கோரும் சுற்றறிக்கையைக் கல்வி அமைச்சு முந்தைய ஆண்டிலேயே வெளியிடும். முடிவுத் திகதியை அதிபரிடமோ கோட்டக் கல்வி அலுவலகத்திலோ கேட்டு அறியலாம்.

தேவைப்படும் முதல் பத்திரம் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். பிரதி தேவையானால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். எந்தக் காரணத்தாலோ பிறப்புப் பதியப்படாத பிள்ளை என்றால், கிராம அலுவலரைச் சந்தித்து, காலங்கடந்த பதிவுக்கான வேலையை இப்போதே தொடங்குங்கள். மாதக் கணக்கில் இழுபடக்கூடிய வேலை அது. போரில் பெற்றோரின் சொந்தப் பத்திரங்கள் தொலைந்திருந்தால் அவற்றின் பிரதிகளையும் இதே பயணத்தில் எடுத்துவிடுவது நல்லது. தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, அம்மம்மாவோ அப்பம்மாவோ பிள்ளையை வளர்க்கும் வீடுகள் இங்கு பல. அப்படியானால் பாதுகாவலர் யார் என்பதை எழுத்தில் உறுதிப்படுத்த என்ன வேண்டும் என்று அதிபரிடம் முதலே கேளுங்கள்.

இடத்துக்கு மேல் விண்ணப்பம் வரும் பெரிய பாடசாலைகளில் புள்ளி முறை உண்டு. அண்மைய சுற்றறிக்கைகளின்படி அருகில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதம், சகோதரர் ஏற்கெனவே அங்கு படிப்போருக்கு 15 வீதம் என இடங்கள் பிரிக்கப்படுகின்றன. வசிப்பிடத்தைக் காட்டக் காணி உறுதியும் வாக்காளர் இடாப்பும் கேட்பார்கள். பல தடவை இடம்பெயர்ந்து, காணிப் பத்திரம் இன்னும் ஒழுங்காகாத குடும்பத்துக்கு இது இலகுவான வழி அல்ல. ஊரின் சிறிய பாடசாலையில் இந்தப் போட்டி பெரும்பாலும் இல்லை. வயதும் பத்திரமும் சரியாக இருந்தால் பிள்ளைக்கு இடம் கிடைக்கும்.

ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம். முன்பு பதினான்காக இருந்த மேல் வயதெல்லை 2016இல் உயர்த்தப்பட்டது. எனவே எந்தப் பிள்ளைக்கும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கொடுக்க வேண்டிய பொறுப்பு அரசுக்கு உண்டு. பத்திரம் ஒன்று குறைகிறது என்பதற்காகப் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டியதில்லை. அதிபர் திருப்பி அனுப்பினால் கோட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள்.

எதற்குக் காசு, எதற்கு இல்லை

பாடநூல் 1980 முதல் இலவசம். சீருடைத் துணி 1993 முதல் இலவசம். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் இருக்கிறது. சமைப்பவர் யார், அன்றன்றைக்குச் சமைக்கப்படுகிறதா என்று விசாரியுங்கள். பல பாடசாலைகளில் பிள்ளைகளின் தாய்மாரே முறை வைத்துச் சமைக்கிறார்கள். உங்களுக்கும் முறை வரும். அரச பாடசாலையில் அனுமதிக்காகப் பணமோ பொருளோ கேட்பதற்கு இடமில்லை. கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

கொப்பி, பை, சப்பாத்து, பயணம் ஆகியவையே குடும்பத்தின் செலவு. இவற்றில் கூடியது பயணச் செலவு. அது பாடசாலை எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது.

வகுப்புக்குள் என்ன நடக்கிறது

1990களின் இறுதியில் நடந்த கல்விச் சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. தரம் 1, 2 முதலாவது, தரம் 3, 4 இரண்டாவது, தரம் 5 மூன்றாவது. முதல் நிலையில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம். எழுத்து வேலை மேல் வகுப்புகளில் படிப்படியாகக் கூடும். எனவே ஜனவரியில் கால்கோள் விழா முடிந்து முதல் வாரங்களில் பிள்ளை கொப்பி நிறைய எழுதாமல், பாடி ஆடி மண்ணில் கீறிவிட்டு வந்தால் ‘அங்கே ஒன்றும் படிப்பிக்கிறதில்லை’ என்று எண்ணிவிடாதீர்கள். பிள்ளைக்கு என்ன தெரியும், எதில் உதவி வேண்டும் என்று ஆசிரியர் இனங்காணும் காலம் அது.

ஆரம்பப் பிரிவில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்ற முறை இல்லை. ஒரு வகுப்பின் பெரும்பாலான பாடங்களை ஒரே வகுப்பாசிரியர்தான் கற்பிப்பார். அதனால் பாடசாலை பெரியதா சிறியதா என்பதைவிட, அந்த ஒரு ஆசிரியர் யார், அவர் ஆண்டு முழுவதும் இருப்பாரா என்பதே உங்கள் பிள்ளைக்கு முக்கியம்.

சிறிய பாடசாலையில் இரண்டு வகுப்புகளை ஓர் ஆசிரியர் சேர்த்துக் கற்பிக்க நேரலாம். பல்தரக் கற்பித்தல் என்று இதைச் சொல்வார்கள். ஒரு வகுப்புக்கு விளக்கும்போது மற்ற வகுப்புக்குச் செய்கை வேலை கொடுத்து, மூத்த பிள்ளைகளை இளையவர்களுக்கு உதவவிட்டு, திட்டமிட்டுச் செய்தால் இது நன்றாகவே நடக்கும். திட்டம் இல்லாவிட்டால் ஒரு வகுப்பு சும்மா இருக்கும். எது நடக்கிறது என்பதை அரை மணி நேரம் வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

போய்ப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை

விழா நாளில் போகாமல் சாதாரண நாளொன்றில், காலை 7.30க்கு மணியடிக்கும் நேரத்துக்குப் போங்கள். இவற்றைக் கவனியுங்கள்:

• தரம் ஒன்று ஆசிரியர் ஆரம்பக் கல்விப் பயிற்சி பெற்றவரா? அவர் எங்கிருந்து வருகிறார்? சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து நாளாந்தம் வந்துபோகும் ஆசிரியர்கள் பலர். பஸ் பிந்தினால் முதல் பாடம் என்னவாகிறது? இடமாற்றம் வந்தால் அடுத்தவர் வரும்வரை வகுப்பை யார் பார்க்கிறார்?

• குடிநீர் எங்கிருந்து வருகிறது? பூநகரியின் பல இடங்களில் கிணற்று நீர் உவர். கோடையில் பவுசர் தண்ணீரை நம்ப வேண்டியிருந்தால், தாங்கி கழுவப்படுகிறதா?

• மலசலகூடம் சிறு பிள்ளை தனியே பயன்படுத்தக்கூடியதா? தண்ணீர் இருக்கிறதா? பெண் பிள்ளைகளுக்குத் தனியாக இருக்கிறதா?

• மாரியில் பாதை எப்படி? நவம்பர், டிசம்பரில் வெள்ளம் நிற்கும் இடங்களைத் தாண்டித்தான் போக வேண்டுமா? ஏ-32 வீதியைக் கடக்க வேண்டுமானால் காலையில் யார் நின்று கடத்திவிடுகிறார்?

• தரம் 3 பிள்ளைகள் தமிழை வாசிக்கிறார்களா? புலமைப்பரிசில் சித்தி எண்ணிக்கையைவிட இது நல்ல அளவுகோல். அந்தப் பரீட்சை ஐந்தாம் தரத்துக்குப் பிறகு வேறு பாடசாலைக்கு அனுமதி பெறவும், வசதி குறைந்த பிள்ளைகள் உதவிப்பணம் பெறவும் உரியது. வாசிக்கத் தெரியாமல் ஐந்தாம் தரத்துக்கு வரும் பிள்ளைக்கு அதனால் பயனில்லை.

• கண்ணிவெடி, வெடிபொருள் பற்றிய எச்சரிக்கை வகுப்பு நடக்கிறதா? போர் பலமுறை கடந்துபோன நிலம் இது. தெரியாத இரும்புப் பொருளைத் தொடாமல் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பது ஐந்து வயதிலேயே பழக வேண்டிய பாடம்.

தூரத்துக்கு அனுப்பினால்

மேலுள்ள கேள்விகளுக்குப் பதில் மோசமாக இருந்தால் பிள்ளையை வேறு பாடசாலைக்கு அனுப்புவது பெற்றோரின் உரிமை. அதில் குற்றமில்லை. கணக்கை மட்டும் முழுதாகப் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளை விடிய ஐந்தரைக்கு எழும்பி, நெருக்கியடித்த வானிலோ ஓட்டோவிலோ போய், பின்னேரம் களைத்து வந்தால் வீட்டில் விளையாடவும் கதை கேட்கவும் நேரமில்லை. மாத வான் காசு கட்ட முடியாத மாதத்தில் பிள்ளை பாடசாலை போகாமல் நிற்கும். கடல் தொழிலும் மானாவாரி வயலுமே வருமானமான வீட்டில் அப்படியான மாதங்கள் வரும்.

பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஊரும் நிற்கும் என்பதற்கு இரணைதீவு அருகிலுள்ள உதாரணம். 1992இல் வெளியேறிய அந்தத் தீவு மக்கள் தொடர் போராட்டத்துக்குப் பிறகு 2018 ஏப்ரல் 23ஆம் திகதி படகுகளில் திரும்பிப் போய் இறங்கினார்கள். ஆனால் பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம் போன்ற தேவைகளுக்காகப் பல குடும்பங்கள் கரையிலுள்ள இரணைமாதாநகர் வீட்டையும் விடமுடியாமல் இரண்டு இடத்திலும் வாழ வேண்டியிருந்தது.

மாணவர் தொகை மிகக் குறைந்த பாடசாலைகளை மூடுவது அல்லது அயல் பாடசாலையோடு இணைப்பது பற்றி அண்மைய ஆண்டுகளில் கல்வி அமைச்சு பேசிவருகிறது. ஆசிரியர் ஒதுக்கீடும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்தே நடக்கிறது. தரம் ஒன்றில் ஏழு பிள்ளை சேர வேண்டிய ஊரில் நான்கு பேர் வெளியே போனால், மிச்சம் மூன்று பேருக்கு ஆசிரியர் கேட்பது அதிபருக்குக் கடினமாகிறது. ஆசிரியர் இல்லாததால் அடுத்த ஆண்டு இன்னும் இருவர் போவார்கள். வான் பிடிக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைதான் கடைசிவரை அங்கே இருக்கும். பெரும்பாலும் அது தாய் தனித்து உழைக்கும் வீடாகவும் இருக்கும்.

இதைத் தனி ஒரு பெற்றோர் மாற்ற முடியாது. ஆனால் ஒரே ஆண்டில் தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் முன்பள்ளியிலேயே ஒருவரையொருவர் அறிவார்கள். எல்லோருமாக ஒருநாள் அதிபரைச் சந்தித்து, ‘இத்தனை பேரையும் இங்கேயே சேர்க்கிறோம், வகுப்புக்கு நிரந்தர ஆசிரியர் வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்து, பிரதியைக் கோட்டக் கல்வி அலுவலகத்துக்கும் வலயக் கல்விப் பணிமனைக்கும் அனுப்பலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் உங்களுக்கு உறுப்புரிமை உண்டு. கூட்டத்துக்குப் போய்க் கணக்கையும் கேட்கலாம், வேலையையும் பங்கிடலாம். புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் கட்டடமும் கணினியும் தர முன்வரும்போது, குடிநீர்தான் அவசரத் தேவை என்று சொல்லவேண்டியவர்களும் நீங்கள்தான்.

விண்ணப்பப் படிவம் நிரப்பும் முன் ஒரு காலையை இதற்காக ஒதுக்குங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். வகுப்பறையைப் பார்த்து, ரீச்சரோடு கதைத்து, மற்றப் பெற்றோரோடும் பேசிய பிறகு முடிவெடுங்கள்.