மூச்சே சாட்சி

1897 செப்டம்பர் 10ஆம் நாள் இலண்டன் மாநகரில் மின்சார வாடகை வண்டி ஒன்று கட்டிடத்தில் மோதிற்று. ஓட்டியவர் மது அருந்தியதை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினார். ஒப்புக்கொள்ளாதாரின் வழக்குகளே பின்னாளில் தொல்லையாயின. நா குழறியதா, கால் தள்ளாடியதா என்பதற்குக் காவலர் ஒன்று சொல்வார். ஓட்டியவரின் நண்பர் வேறு சொல்வார். நமது 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் முதலில், வண்டியைக் கட்டுப்படுத்தும் திறன் இழக்குமளவு போதையுற்றவரையே தண்டித்தது. திறன் எப்போது போயிற்று? அச்சொற்றொடரைத் தமிழாக்குவதே அரிது. நீதிபதியின் பாட்டைச் சொல்ல வேண்டுமா?

விடை எண்ணில் கிடைத்தது. நார்வே நாடு 1936இல் இரத்தத்தில் மதுவுக்கு வரம்பு கட்டியது. 1954இல் அமெரிக்கரான ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் மூச்சை ஊதி மதுவை அளக்கும் கருவியை அமைத்தார். 1967 அக்டோபரில் பிரிட்டன் அத்தகைய சோதனையைச் சாலையோரத்திற்கே கொண்டுவந்தது. இன்று நாம் தில்லியில் வாழினும் கொல்கத்தாவில் வாழினும் 1988ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்றே: 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராம் மதுவுக்கு மேற்பட்டால் குற்றம்.

சிதறிய கவனத்தை அளக்கவோ இவ்வாறான எண் இல்லை. ஓட்டுகையில் கைப்பேசியைக் கையாள்வதை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அபாயகரமாக ஓட்டும் குற்றத்துள் சேர்த்தது. ஆயினும் மோதிய மறுகணம் கைப்பேசி சட்டைப் பைக்குள் போய்விட்டால், ஊதிக்காட்டச் சொல்வதற்கு ஏதுமில்லை. காவலரும் கண்ணால் கண்டவரும் மீண்டும் சாட்சிக் கூண்டேற வேண்டியதுதான்.