முதிர்ந்த அம்பியும் கலப்பற்றும்: சிறுகலப் பேணுகை மரபு – ஒரு நோக்கு

பண்டைத் தமிழரின் கடல்வாழ்வு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நாவாய், வங்கம் முதலிய பெருங்கலங்களையும் அயல்நாட்டு வாணிகத்தையும் மையமிட்டவை. கரையேறிய சிறுகலத்தைச் செப்பனிட்டு மீண்டும் கடலில் இறக்கிய தொழில்மரபு அவற்றில் போதிய இடம் பெறவில்லை.

இவ்வகையில் அம்மூவனாரின் நற்றிணை 315ஆம் பாடல் முதன்மையான சான்றாகும். பல்லாண்டு அலை மோதியதால் தேய்ந்து, முனை முரிந்த பழைய அம்பி புன்னை நிழலில் அடிமரத்தோடு பிணிக்கப்படுகிறது. உழைத்து முதிர்ந்த எருதை உழவர் புல் நிறைந்த சோலையில் தொழிலின்றி விடுதல் இதற்கு உவமை. அவ்வம்பிக்கு நறும்புகை கொடுக்கப்படுவதில்லை என்னும் எதிர்மறைக் குறிப்பு கருதத்தக்கது. தொழிற்படும் கலத்திற்குப் புகை கொடுக்கும் வழக்கம் இருந்தாலன்றி, கொடாமை பொருள் தராது. எனவே பேணுகை நின்ற நாளே கலத்தின் தொழில் முடிந்த நாள் எனக் கொள்ளலாம்.

அம்பி கட்டப்பட்ட மரமும் வெறும் பின்புலமன்று. புன்னை மரம் பாய்மரத்திற்குப் பயன்பட்டது. அதன் விதையெண்ணெய் கலத்தின் பலகைகளில் பூசப்பட்டது. முதிர்ந்த கலம், தன்னைக் காத்த மரத்தின் நிழலிலேயே ஓய்வு பெறுகிறது.

பிற்கால வழக்காறுகள் இதனை மேலும் விளக்குகின்றன. கட்டுமரம் கரையேறியதும் கட்டவிழ்த்து உலர்த்தப்பட்டது. நீர் ஊறிய மரம் கனத்து மிதப்புத் திறன் குன்றும் என்பதே காரணம். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த படகுகள் பிரித்து மீண்டும் தைக்கப்பட்டன. பலகை இடுக்குகளை நாரும் பிசினும் கொண்டு அடைக்கும் தொழில் ‘கலப்பற்று’ எனப்பட்டது. கலம், பற்று என்னும் தமிழ்ச்சொற்கள் இதில் வெளிப்படையாகத் தோன்றினும், அதே தொழிலைக் குறிக்கும் அரபு, போர்த்துகீசியச் சொற்களோடு இதற்குள்ள ஒலியொப்புமை தனி ஆய்வுக்குரியது.

கட்டுமான அறிவு ‘கப்பல் சாத்திரம்’ என்னும் நூல்வழி 1950இல் அச்சேறியது. பேணுகை அறிவோ பெரிதும் வாய்மொழியாகவே வழங்கியது. 1953இல் நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வேத் திட்டம் முதலான முயற்சிகள் இயந்திரப் படகுகளைப் பரப்பின. 2004 ஆழிப்பேரலைக்குப்பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. இவற்றுக்குக் கலப்பற்று வேண்டுவதில்லை. தொழில் நிற்க, அதன் சொற்களும் நிற்கின்றன.

முடிவாக, மரக்கலத் தச்சரின் சொற்களைத் தொகுத்தல் நாட்டார் வழக்காற்றியல் பணி மட்டுமன்று. சங்கப் பாடலுக்கு உரை காணும் பணியுமாகும். பேணும் வழக்கத்தை அறியாதார்க்கு, முதிர்ந்த அம்பிக்கு மறுக்கப்பட்ட புகையின் பொருள் விளங்காது.