லினக்சில் வட்டுகளுக்குப் பெயரிடும் விதிகள்: ஒரு வரலாறு

லினக்சு இயங்குதளத்தில் கணினியோடு இணைக்கப்படும் ஒவ்வொரு வன்தட்டும் பென் டிரைவும் 'டெவ்' என்னும் கோப்புறையில் ஒரு கோப்பாகத் தோன்றும். அந்தக் கோப்பின் பெயரே அவ்வட்டின் பெயர். இப்பெயரை எதை வைத்து இடுவது, யார் இடுவது என்ற கேள்விக்குக் கால ஓட்டத்தில் மூன்று வெவ்வேறு விடைகள் கிடைத்துள்ளன. பெயர் மாறிப்போனால் கணினி தொடங்காமல் நின்றுவிடலாம். அழிக்கக் கூடாத வட்டு அழிக்கப்படலாம். எனவே இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று.

தொடக்க காலம்

கருவிகளையும் கோப்புகளாகக் காட்டுவது யுனிக்சின் மரபு. 1991-இல் லினசு டோர்வால்டுசு தொடங்கிய லினக்சும் அதையே பின்பற்றியது. அன்றைய ஐ.டி.இ. வகை வட்டுகளுக்கு அவை செருகப்பட்ட இடத்தைக் கொண்டு பெயர் அமைந்தது. முதல் இணைப்பின் இரண்டு வட்டுகள் எச்.டி.ஏ., எச்.டி.பி.; இரண்டாம் இணைப்பின் வட்டுகள் எச்.டி.சி., எச்.டி.டி. எனப்பட்டன. வட்டை இடம் மாற்றாத வரை பெயரும் மாறாது.

சுகசி வகை வட்டுகளின் நிலை வேறு. கணினி எந்த வட்டை முதலில் கண்டுபிடிக்கிறதோ அது எஸ்.டி.ஏ., அடுத்தது எஸ்.டி.பி. முதல் வட்டைக் கழற்றிவிட்டால், அடுத்த முறை இரண்டாவது வட்டு முதலாவதன் பெயரைப் பெற்றுவிடும். பின்னர் வந்த யு.எஸ்.பி. வட்டுகளும் இதே வரிசையில் சேர்ந்ததால் குழப்பம் பெருகியது.

இன்னொரு நெருக்கடி எண்களில் இருந்தது. ஒவ்வொரு கருவிக்கோப்புக்கும் ஒரு முதன்மை எண்ணும் ஒரு துணை எண்ணும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 256 மதிப்புகளே இருந்தன. ஒரு சுகசி வட்டுக்கு 16 துணை எண்கள் தேவைப்பட்டதால், ஒரு முதன்மை எண்ணுக்குள் 16 வட்டுகள் மட்டுமே அடங்கின. மேலும், இணைக்கப்படாத கருவிகளுக்கும் முன்கூட்டியே கோப்புகள் உருவாக்கப்பட்டிருந்தன. இதனால் 'டெவ்' கோப்புறை ஆயிரக்கணக்கான வெற்றுப் பெயர்களால் நிறைந்திருந்தது.

டெவ்எஃப்எஸ்

ரிச்சர்டு கூச் உருவாக்கிய டெவ்எஃப்எஸ் 2000-ஆம் ஆண்டில் லினக்சில் சேர்க்கப்பட்டது. 2001 சனவரியில் வெளியான 2.4 பதிப்பில் அது இடம்பெற்றது. இணைக்கப்பட்ட கருவிகள் மட்டுமே இதில் தெரிந்தன. ஆனால் பெயரிடும் முறை இயங்குதளத்தின் மையப்பகுதியான கருனிக்குள் பதிக்கப்பட்டிருந்தது. குறிப்பிட்ட ஒரு வட்டை என்றும் ஒரே பெயரால் அழைக்கும் வழி இதிலும் எளிதாகக் கிடைக்கவில்லை.

யூடெவ்

2003 ஏப்ரலில் கிரெக் குரோவா-ஆர்ட்மன் யூடெவ் மென்பொருளின் முதல் பதிப்பை வெளியிட்டார். அதே ஆண்டு சூலையில் ஒட்டாவா லினக்சு கருத்தரங்கில் அதை விளக்கினார். இம்முறையில் வட்டு இணைக்கப்பட்ட செய்தியைக் கருனி அறிவிக்கும். கருனிக்கு வெளியே இயங்கும் யூடெவ் அவ்வட்டின் தயாரிப்பாளர், வரிசை எண் முதலிய அடையாளங்களைப் பார்த்து, விதிக்கோப்புகளின்படி பெயரிடும். விதிகள் சாதாரண உரைக்கோப்புகளாக இருப்பதால் பயனரே அவற்றைப் படிக்கலாம், திருத்தலாம்.

திறமூல மென்பொருள் குறித்த பேச்சு இந்தியாவில் வலுத்த ஆண்டும் அதுவே. இராமேசுவரத்தில் பிறந்து அன்று குடியரசுத் தலைவராக இருந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், 2003 மே மாதம் புனேயில் ஆற்றிய உரையில், மூலநிரலைப் பயனர் பார்க்கவும் மாற்றவும் இயலும் மென்பொருளே இந்தியாவுக்கு ஏற்றது என்று வலியுறுத்தினார்.

2006-இல் டெவ்எஃப்எஸ் கருனியிலிருந்து நீக்கப்பட்டது. 2012-இல் யூடெவ் சிஸ்டம்டி திட்டத்துடன் இணைக்கப்பட்டது.

பெயர் மாற்றமும் தமிழ்நாடும்

2007 வாக்கில் ஐ.டி.இ. வட்டுகளும் புதிய இயக்கிக்கு மாற்றப்பட்டன. எச்.டி.ஏ. என்றிருந்த வட்டு எஸ்.டி.ஏ. ஆனது. பழைய பெயரை அமைப்புக்கோப்பில் எழுதி வைத்திருந்த கணினிகள், மேம்படுத்தியபின் தம் வட்டையே காணாமல் நின்றன. இதற்குத் தீர்வாக, வட்டுப்பிரிவை வடிவமைக்கும்போது அதற்குள் எழுதப்படும் 'யு.யு.ஐ.டி.' என்னும் தனித்த அடையாள எண்ணை உபுண்டு முதலிய வழங்கல்கள் பயன்படுத்தத் தொடங்கின.

அதே 2007-இல் சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்சை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவித் தரப்பட்டது. இராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களின் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர் பலருக்கு அவர்கள் கண்ட முதல் லினக்சு அதுவாக இருந்தது. ஒரே வட்டின் பிரிவுகள் விண்டோசில் சி, டி என்றும், லினக்சில் எஸ்.டி.ஏ.1, எஸ்.டி.ஏ.2 என்றும் தோன்றும். இரண்டும் ஒன்றே என்பதை அறியாமல் ஒரு பிரிவை வடிவமைத்தால் மற்ற இயங்குதளமே அழிந்துவிடும்.

விதிகளில் நேரும் பிழைகள்

யூடெவ் விதிகளில் '==' ஒப்பிடுவதற்கு உரியது; '=' மதிப்பு அளிப்பதற்கு உரியது. ஒப்பிட வேண்டிய இடத்தில் ஒற்றைக் குறி இடுவது பரவலான பிழை. விதிக்கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்படுவதால், பின்னால் வரும் விதி முன்னதை மாற்றிவிடக்கூடும்.

தயாரிப்பாளர் பெயரை மட்டும் ஒப்பிட்டால், ஒரே நிறுவனத்தின் இரண்டு வட்டுகள் ஒரே பெயருக்குப் போட்டியிடும். வரிசை எண்ணை மட்டும் ஒப்பிட்டால், முழு வட்டுக்கும் அதன் ஒவ்வொரு பிரிவுக்கும் அவ்விதி பொருந்திவிடும். வரிசை எண்ணோடு பிரிவின் எண்ணையும் சேர்ப்பதே முறை. விதியைத் திருத்தியபின், ஏற்கெனவே செருகியுள்ள வட்டுக்கு அது தானாகச் செயற்படாது. வட்டைக் கழற்றிச் செருக வேண்டும் அல்லது நிகழ்வை மீண்டும் தூண்ட வேண்டும். ஒரு வட்டை அப்படியே நகலெடுத்தால் யு.யு.ஐ.டி.யும் நகலாகும் என்பதால், இரண்டையும் ஒருசேர இணைப்பது ஆபத்தானது.

இன்றைய நிலை

எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்ற வரிசைப் பெயர்களைக் கருனி இன்றும் இடுகிறது. இன்றைய யூடெவ் விதிகளால் அவற்றை மாற்ற இயலாது. கூடுதல் இணைப்புப் பெயர்களை மட்டுமே சேர்க்க முடியும். வட்டின் அடையாளம், செருகிய இடம், யு.யு.ஐ.டி., பயனர் இட்ட பெயர் ஆகியவற்றைக் கொண்ட இணைப்புகள் 'டெவ்' கோப்புறையின் உள்ளே 'டிஸ்க்' என்னும் பகுதியில் தாமாகவே உருவாகின்றன. வரிசைப் பெயர் அன்றைய இணைப்பு முறையை மட்டுமே காட்டும். அமைப்புக்கோப்புகளில் எழுதத் தக்கவை இந்த நிலையான பெயர்களே.