மெமரீஸ் ஆஃப் மர்டர் - கொண்டாடவும் முடியலை, விடவும் முடியலை

உலக சினிமா பத்தி யார் பட்டியல் போட்டாலும் தவறாம வந்து உட்காரும் படம் "மெமரீஸ் ஆஃப் மர்டர்". 2003-ல வந்த தென்கொரியப் படம். இயக்குநர் போங் ஜூன்-ஹோ. பின்னாடி "பாரசைட்" எடுத்து ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான். இது அவருடைய இரண்டாவது படம். கொரியாவில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்தார்கள்.

இந்தப் பதிவு விமர்சனம் இல்லை. விமர்சனம்தான் ஏற்கெனவே வண்டி வண்டியா இருக்கே. படத்துக்குப் பின்னால இருக்கிற நிஜக் கதையைப் பத்திதான் பேசப் போறேன். கிளைமாக்ஸ் உட்பட எல்லாத்தையும் போட்டு உடைக்கப் போறதால, படம் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிங்க. பதிவு எங்கேயும் ஓடிடாது :-)

முதலில் நடந்தது என்னன்னு பார்ப்போம். சியோலுக்குத் தெற்கே கியோங்கி மாகாணத்தில் ஹ்வாசோங் என்ற பகுதி. அப்போ அது வயலும் வாய்க்காலுமா இருந்த கிராமப்புறம். 1986 முதல் 1991 வரை அங்கே பத்துப் பெண்கள் கொலை செய்யப்பட்டார்கள். இறந்தவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளையும் உண்டு, எழுபது வயதுப் பாட்டியும் உண்டு. தேடுதலில் ஈடுபட்ட போலீஸாரை நாள் கணக்கில் கூட்டினால் 20 லட்சத்தைத் தாண்டும் என்கிறார்கள். ஆனாலும் ஆள் சிக்கவில்லை.

ஏன் சிக்கவில்லை என்பதற்குப் படம் சொல்ற பதில்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அது சுன் டூ-ஹ்வானின் ராணுவச் சர்வாதிகாரக் காலம். 1987 ஜனவரியில் பார்க் ஜோங்-சோல் என்ற கல்லூரி மாணவரை போலீஸ் விசாரணையில் தண்ணீரில் முக்கியே கொன்றார்கள். அந்த வருஷம் ஜூனில் நாடே தெருவுக்கு வந்தது. போலீஸ் படையெல்லாம் போராட்டக்காரர்களை அடிக்கப் போயிருந்தது. படத்தில் ஒரு காட்சி வரும். இன்னிக்கு ராத்திரி கொலை விழப் போகுதுன்னு தெரிஞ்சு ஆள் கேட்பார்கள். எல்லாரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிட்டாங்கன்னு பதில் வரும். ஒரு அரசாங்கம் தன் ஜனங்களைக் கண்டு பயப்படும்போது அந்த ஜனங்களைக் காப்பாத்த ஆள் இருக்காது. இதைப் பிரசங்கம் பண்ணாம ஒரே காட்சியில சொன்ன படம் அது.

இப்போ நெருடலுக்கு வர்றேன்.

படத்தின் முதல் பாதியில் விசாரணைக் காட்சிகள் எல்லாம் கிட்டத்தட்ட நகைச்சுவை. சாங் காங்-ஹோ நடித்த உள்ளூர் துப்பறிவாளர், ஒருத்தன் கண்ணைப் பார்த்தே குற்றவாளியா இல்லையான்னு சொல்லிடுவேன் என்கிற பேர்வழி. மனவளர்ச்சி குன்றிய ஒரு பையனைப் பிடிச்சுட்டு வந்து, அவன் ஷூவை வெச்சு தானே தடயம் தயார் பண்ணுவார். கூட இருக்கிறவர் பறந்து பறந்து உதைப்பார். இன்னொருத்தனைத் தலைகீழாத் தொங்க விடுவாங்க. நடுவுல எல்லாரும் சேர்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கிட்டே டிவியில போலீஸ் சீரியல் பார்ப்பாங்க. அபத்தம்தான், சிரிப்பு வரத்தான் செய்யும். போங் அந்த போலீஸை நியாயப்படுத்தலை, அதையும் சொல்லிடணும். அந்த உதைக்கிற காலுக்கு என்ன ஆகுதுன்னு படம் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

ஆனா, படம் ஓடிக்கிட்டிருந்த அதே 2003-ல, இதே ஹ்வாசோங் விசாரணையில் அடிச்சு வாங்கிய வாக்குமூலத்தால் நிஜமாகவே ஒருத்தர் ஜெயிலில் இருந்தார்.

1988 செப்டம்பரில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி அவள் வீட்டு அறையிலேயே கொல்லப்பட்டாள். வரிசையில் எட்டாவது கொலை. அடுத்த வருஷம் 22 வயது இளைஞர் ஒருவரைக் கைது செய்தார்கள். விவசாய இயந்திரம் பழுது பார்க்கிற கடையில் வேலை. சின்ன வயதில் போலியோ வந்து கால் ஊனமானவர். அதிகம் படிக்காதவர், கேட்க நாதி இல்லாதவர். தூங்க விடாம அடிச்சு உதைச்சு, நான்தான் செஞ்சேன்னு எழுதி வாங்கினார்கள். சுவர் ஏறிக் குதிச்சு உள்ளே போனாராம். அந்தக் காலை வெச்சுக்கிட்டு! தடயவியல் அறிக்கையும் அவருக்கு எதிரா வந்தது. அதில் கோளாறு இருந்தது பிற்பாடுதான் தெரிஞ்சது. ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில், அடிச்சு வாங்கினாங்கன்னு சொன்னார். யாரும் காதில் போட்டுக்கலை. இருபது வருஷம் உள்ளே இருந்துட்டு 2009-ல் பரோலில் வெளியே வந்தார்.

இவர் படத்தில் இல்லை. இருந்திருக்கவும் முடியாது. ஏன்னா போலீஸ் கணக்குப்படி எட்டாவது கொலை வேற ஆள் செஞ்சது, தீர்ந்து போன வழக்கு. படம் தீராத வழக்கைப் பத்தினது. போங் மேல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா கதைக்குத் தேவைப்பட்ட மர்மம் "கொலைகாரன் யார்" என்பதாத்தான் இருந்தது. "அடி வாங்கினவங்க என்ன ஆனாங்க" என்கிற கேள்வி பாதியிலேயே ரயிலில் அடிபட்டுச் செத்துப் போகுது.

2019 செப்டம்பரில் மரபணுச் சோதனையில் ஆள் கிடைத்தான். லீ சுன்-ஜே. மனைவியின் தங்கையை 1994-ல் கொன்றதற்காக ஏற்கெனவே ஆயுள் கைதியா இருந்தவன். எட்டாவது உட்பட 14 கொலைகளை ஒப்புக்கொண்டான். அந்தக் காலத்திலேயே போலீஸ் அவனை விசாரித்திருக்கிறது. கொலைகாரன் ரத்தம் பி வகைன்னு நம்பினதால், ஓ வகை ரத்தக்காரனான இவனை விட்டுவிட்டார்கள். 15 வருஷக் காலவரம்பு 2006-லேயே முடிஞ்சு போனதால் இந்தக் கொலைகளுக்கு அவனைத் தண்டிக்கவும் முடியாது.

2020 நவம்பரில் அந்த எட்டாவது வழக்கின் மறுவிசாரணையில் லீ சாட்சி சொன்னான். டிசம்பர் 17-ல் சுவோன் நீதிமன்றம் அந்த மனிதர் நிரபராதி என்று தீர்ப்புச் சொல்லி, மன்னிப்பும் கேட்டது. 22 வயதில் பிடிச்சுட்டுப் போனவருக்கு அப்போ ஐம்பதைத் தாண்டிவிட்டது.

படத்தின் கடைசிக் காட்சி ரொம்பப் பிரபலம். வருஷங்கள் கழிச்சு சாங் காங்-ஹோ அதே வாய்க்காலுக்கு வந்து, கேமராவை நேராப் பார்ப்பார். கொலைகாரன் என்றாவது இந்தப் படத்தைப் பார்ப்பான், அவன் கண்ணை நேருக்கு நேர் பார்க்கணும்னுதான் அப்படி வெச்சதா போங் சொல்லியிருக்கிறார். லீ பார்த்தான், ஜெயிலுக்குள்ளேயே. சும்மா படமாத்தான் பார்த்தேன், ஒண்ணும் தோணலைன்னு கோர்ட்டில் சொல்லிட்டான்.

அந்தப் பார்வை போய்ச் சேர வேண்டிய இடம் அவன் இல்லைன்னு நினைக்கிறேன். கண்ணைப் பார்த்தே கண்டுபிடிச்சுடலாம்னு நம்பினவங்களும், ஒருத்தன் அடி வாங்குறப்ப தியேட்டரில் சிரிச்ச நாமும்தான் அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லணும். படம் இன்னமும் எனக்குப் பிடிச்ச படம்தான். யாராவது கேட்டா பாருங்கன்னுதான் சொல்வேன். கூடவே அந்த எட்டாவது வழக்கையும் படிச்சுடுங்கன்னு சொல்வேன். உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க.